ஐம்பதில் வரும் வருத்தத்துக்கு ஐந்து வயதில் காரணம் தேடுவது எப்படி?

தங்கச்சி கேட்டது சுருக்கமாக இதுதான். பட்டப்படிப்பின் கடைசி வருட ஆய்வு. திருகோணமலை டவுன் பக்கத்து ஆட்களுக்கும் மூதூர், வெருகல் பக்கத்து ஆட்களுக்கும் நடுவில் சீனி, பிரஷர், இருதய வருத்தம் எல்லாவற்றிலும் ஏன் வித்தியாசம் என்று பார்க்க விருப்பம். மேற்பார்வையாளரோ, "புகைத்தல், சாப்பாடு, உடற்பயிற்சி பற்றி ஒரு வினாக்கொத்து தயார் செய்து 300 பேரிடம் நிரப்பிக்கொண்டு வாரும்" என்கிறார். இது போதுமா, இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

போதாது. நீங்கள் அந்த 300 படிவத்தையும் நிரப்பி முடித்த பிறகு என்ன முடிவு வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். காசு குறைந்த ஆட்கள் கூடப் புகைக்கிறார்கள், மரக்கறி குறைவாகச் சாப்பிடுகிறார்கள், ஆகவே "மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்". கிழக்கில் நான் வாசித்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இந்த வசனத்தோடுதான் முடிகின்றன. பாவம் அந்தச் சனம், நெடுகிலும் அவர்களுக்குத்தான் விழிப்புணர்வு தேவைப்படுகிறது!

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மனிசன் இன்று என்ன சாப்பிடுகிறார் என்பதைவிட, எந்த வயதில் இவருக்கு என்ன நடந்தது, அது அடுத்து எதைக் கொண்டுவந்தது என்று கேளுங்கள். நடந்ததை வயதோடு சேர்த்துப் பதியாத ஆய்வால் சமூகக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் கட்சி. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திருமலையில் இதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

லண்டனில் 1967 இல் அரசாங்க உத்தியோகத்தர்களை வைத்து வைட்ஹோல் ஆய்வு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச வைத்தியம், ஒருத்தரும் பட்டினி கிடக்கவில்லை. அப்படியிருந்தும் அடிமட்டத் தரத்தில் இருந்த பியூன், வாயிற்காவலர் போன்றவர்கள், உச்சத்தில் இருந்த நிருவாகிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். அதோடு அது ஏழை, பணக்காரர் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. மேலிருந்து இரண்டாவது தரத்தில் இருந்தவருக்கும் முதல் தரத்தில் இருந்தவரைவிட ஆபத்து கூட, படிக்கு ஒரு படி அப்படியே இறங்கிக்கொண்டு போகிறது. புகைத்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே மிஞ்சியது. இதை ஆராய்ந்து எழுதிய மைக்கேல் மார்மட்டின் பெயர் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இந்த வேலைதான். உங்கள் மேற்பார்வையாளர் சொல்லும் மூன்று விடயங்களும், அதாவது புகை, சாப்பாடு, அசைவு, அந்தக் கழித்துப் பார்த்த பக்கத்தில் நிற்பவை. மிஞ்சிய பக்கத்தை யார் பார்ப்பது?

அந்த மிச்சத்தில் ஒரு பங்கு சின்ன வயதில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த கதையில் எனக்குப் பிடித்த ஆள் ஒரு விஞ்ஞானி இல்லை, ஒரு சுகாதாரப் பெண் உத்தியோகத்தர். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் மருத்துவிச்சிகளை மேற்பார்வை செய்த எதெல் மார்கரெட் பர்ன்சைட். 1911 இலிருந்து அங்கே பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு நிறையும், ஒரு வயதில் இருந்த நிறையும் பெரிய பெரிய பதிவேடுகளில் எழுதப்பட்டன. பல பத்து வருடம் கழித்து டேவிட் பார்க்கர் குழுவினர் அந்தப் பதிவேடுகளைத் தேடிப் பிடித்து, 1911 க்கும் 1930 க்கும் இடையில் பிறந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்து 1989 இல் வெளியிட்டார்கள். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் நிறை குறைந்திருந்தவர்கள்தான் பின்னாளில் இருதய வருத்தத்தால் கூடுதலாக இறந்திருந்தார்கள். நம் மிட்வைஃப் மிஸ்மார் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை நிறுத்து கிளினிக் கார்டில் கோடு போடுகிறார்களே, அதே வேலை. அந்தப் பதிவேடுகளைக் கண்டபாட்டுக்கு எரிக்கவும் கறையானுக்குக் கொடுக்கவும் கூடாது என்று நான் எல்லோரிடமும் சண்டை பிடிப்பது இதனால்தான்.

அடுத்தது எந்த வயதில் என்ற கேள்வி. 1944, 1945 பனிக்காலத்தில் ஜெர்மன் படை வழிமறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி நகரங்களில் பஞ்சம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கிய பங்கீடு. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பிறகு பின்தொடர்ந்து பார்த்ததில் ஒரு விடயம் வெளிவந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சத்தில் மாட்டிய பிள்ளைகள் நிறை குறைந்து பிறந்தன. முதல் மாதங்களில் மாட்டிய பிள்ளைகள் சாதாரண நிறையோடுதான் பிறந்தன, ஆனால் வளர்ந்த பிறகு அவர்களில் இருதய வருத்தம் கூடுதலாகக் காணப்பட்டது. ஒரே பஞ்சம், ஒரே ஊர், ஆனால் எத்தனையாவது மாதம் என்பதைப் பொறுத்து விளைவு வேறு.

இப்போது 2006 ஐ யோசித்துப் பாருங்கள். மாவிலாற்றில் சண்டை தொடங்கி, மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு நடந்ததும், ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் போனதும் எல்லாம் சில மாதங்களுக்குள். அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று வாக்குப் போடும் வயதில் நிற்கிறார்கள். அந்த ஒரே வருடத்தில் ஒருத்திக்குப் பத்து வயது, ஒருத்தி ஓ.எல் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) எழுத இருந்தவள், ஒருவர் நாற்பதில் தோணியும் வலையும் இழந்தவர். நிகழ்வு ஒன்று. உடம்பில் அது போய்ச் சேர்ந்த இடம் ஒவ்வொருத்தருக்கும் வேறு. "போரால் பாதிக்கப்பட்டவரா? ஆம் / இல்லை" என்று ஒரு பெட்டி போட்டால் இது அத்தனையும் அந்த "ஆம்" க்குள் புதைந்துவிடும்.

பாடப்புத்தகங்களில் இதற்கு மூன்று மாதிரிகள் சொல்வார்கள், நீங்களும் படித்திருப்பீர்கள். குறிப்பிட்ட ஒரு காலத்தில் பட்ட அடி மாறாமல் நிற்பது ஒன்று, நெதர்லாந்துப் பிள்ளைகள் போல. சின்னச் சின்னப் பாதிப்புகள் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவது இன்னொன்று. ஒரு பாதிப்பு அடுத்த பாதிப்புக்குக் கதவைத் திறந்துவிடுவது மூன்றாவது. எது சரி என்று பரீட்சையில்தான் கேட்பார்கள், வாழ்க்கையில் மூன்றும் கலந்தே வரும். ஆனால் திருமலைக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது ஒருவருடைய கதை இல்லை, பலருடையதைச் சேர்த்துக் கட்டியது. சம்பூர்ப் பக்கம். 2006 இல் பதினாலு வயது. முகாமுக்கு வந்ததும் தம்பி தங்கச்சியைப் பார்க்க ஆள் இல்லை, தாய் கூலிக்குப் போகிறார், இவள் பள்ளிக்கூடத்தை விடுகிறாள். ஓ.எல் இல்லை. பொம்பிளைப் பிள்ளையை முகாமில் வைத்திருக்கப் பயம், பதினேழில் கலியாணம். முதல் பிள்ளை நிறை குறைவு. புருஷனுக்கு நிரந்தர வேலை இல்லை, சம்பூரில் காணி 2015, 2016 வரைக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. திரும்பிப் போனபோது வீடு கட்டக் கடன், நுண்கடன் கொம்பனி வாரம் வாரம் வாசலில் நிற்கிறது, கடனை அடைக்க இவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள், பிள்ளைகள் அம்மம்மாவோடு. திரும்பி வந்து ஒரு நாள் தலைச்சுற்றி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் சீனி 300 க்கு மேல். முப்பத்து மூன்று வயது.

இவளிடம் போய் "வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" என்று கேட்பீர்களா? கேட்கலாம், பதிலும் வரும். ஆனால் அந்தப் பதிலில் காரணம் இல்லை. இதில் எந்த இடத்தில் சங்கிலி அறுந்திருக்கலாம் என்று பாருங்கள்: முகாமில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஒரு இடம் இருந்திருந்தால், ஓ.எல் திரும்ப எழுத ஒரு வழி இருந்திருந்தால், காணி ஐந்து வருடம் முன்னால் கிடைத்திருந்தால். ஒன்றுகூட சுகாதாரத் திணைக்களத்தின் கையில் இல்லாத விடயங்கள். சமூகக் காரணம் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான்.

அந்த நிறை குறைந்த முதல் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். பூனாவில் யாஜ்னிக் என்ற வைத்தியரின் குழு 1993 இலிருந்து கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்து வருகிறது. அங்கே பிறக்கும் பிள்ளையின் சராசரி நிறை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் குறைந்து போனது தசையும் உறுப்புகளும்தான், தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு அந்தளவுக்குக் குறையவில்லை. பார்க்க மெலிந்த பிள்ளை, உள்ளே கொழுப்பு விகிதம் கூட. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெள்ளைக்காரரைவிட இளவயதில், பெரிய தொந்தி இல்லாமலே சீனி வருவதற்கு இது ஒரு விளக்கம். ஆகவே தாய்க்குப் பதினாலில் நடந்தது மகளின் நாற்பதுக்கும் போய்ச் சேரலாம்.

சரி, இதற்கு எதிர்வாதம் ஒன்று கட்டாயம் வரும், வாய்மொழிப் பரீட்சையில் உங்களிடம் கேட்பார்கள்: வறுமையால் வருத்தம் வந்ததா, வருத்தத்தால் வறுமை வந்ததா? நல்ல கேள்விதான். பிரித்தானியாவில் 1980 இல் வந்த பிளாக் அறிக்கை இதையே நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. இலவச வைத்திய சேவை 1948 இல் தொடங்கி முப்பது வருடம் தாண்டியும் வர்க்கங்களுக்கு இடையிலான இறப்பு வித்தியாசம் ஏன் குறையவில்லை என்று கேட்டு, நாலு விளக்கங்களை வைத்துப் பார்த்தார்கள்: கணக்கெடுப்பின் கோளாறு, நோயாளிகள் கீழ்வர்க்கத்துக்குச் சறுக்குவது, நடத்தையும் பழக்கமும், வாழ்க்கைச் சூழலின் பொருள்நிலை. கடைசியில் சொன்னதற்கே கூடிய எடை கொடுத்தார்கள். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை, ஓகஸ்ட் விடுமுறை நேரத்தில் 260 பிரதி மட்டும் அடித்து வெளியே விட்டது. (மறைக்க நினைத்ததாலேயே பிரபலமான அறிக்கை அது.) எங்களுக்கும் பாடம் இருக்கிறது, இலங்கையிலும் ஆஸ்பத்திரி இலவசம், பிள்ளைப்பேறு ஏறத்தாழ எல்லாமே ஆஸ்பத்திரியில்தான், ஆனால் இலவச ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் காசும் அன்றைய நாள் கூலியும் இலவசம் இல்லை.

எது முந்தி எது பிந்தி என்று தெரிய ஒரே வழி வருடமும் வயதும் தெரிந்திருப்பது. பிறப்பிலிருந்தே பின்தொடர்வது உத்தமம். பிரித்தானியாவில் 1946 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளில் 5362 பேரை இன்றுவரை பின்தொடர்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் எண்பதை எட்டுகிறார்கள். அதை நீங்கள் செய்ய முடியாது, உங்களுக்கு ஆறு மாதம்தான் தந்திருப்பார்கள். ஆனால் பின்னோக்கிக் கேட்கலாம், அதை ஒழுங்காகச் செய்யலாம்.

"உங்களுக்கு எந்த வருடம் இடம்பெயர்வு?" என்று கேட்டால் சனம் குழம்பும். ஒருத்தருக்கும் வருடம் ஞாபகம் இராது. ஒரு பெரிய தாளில் இடமிருந்து வலமாக வருடங்களைப் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த நிகழ்வுகளை முதலில் எழுதிவிடுங்கள்: 78 சூறாவளி, 83, 90 இல் ஊர் விட்டு ஓடியது, சுனாமி, 2006, கிண்ணியாப் பாலம் திறந்த 2009, 2011 தை மாத வெள்ளம், கொரோனா, 2022 எரிபொருள் கியூ. இதற்குக் கீழே வரிசை வரிசையாக: எந்த ஊரில் இருந்தார், எந்த வீட்டில், என்ன தண்ணி, பள்ளிக்கூடம் எந்த வகுப்பு, வீட்டில் யார் உழைத்தது, கலியாணம், பிள்ளைகள், கடன், வருத்தம். "பாலம் திறக்க முந்தியா பிந்தியா?" என்று கேட்டால் கிண்ணியாக்காரர் யாராக இருந்தாலும் பட்டென்று சொல்வார். பாலம் வர முதல் பாதையில் (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஏறித்தான் கடக்க வேண்டும், இரவில் பிள்ளைப்பேறு நோவு வந்தால் என்ன பாடு என்று அந்தக் காலத்துத் தாய்மார் நிமிடக் கணக்கோடு சொல்வார்கள். (2021 கார்த்திகையில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்தது பாலத்துக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே பிரதேச செயலகப் பிரிவில். ஒரு பாலம் வந்தால் எல்லாப் பாதையும் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.)

சின்ன வயது வறுமையை எப்படி அளப்பது? "வசதியாக இருந்தீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "ஏதோ இருந்தோம்" என்றுதான் சொல்வார்கள். பத்து வயதில் தகப்பனுக்கு என்ன தொழில், தாய் எத்தனையாம் வகுப்பு, வீட்டில் எத்தனை பிள்ளைகள், மலசலகூடம் இருந்ததா, கிணறு சொந்தமா ஊர்க்கிணறா, காலுக்குச் செருப்பு இருந்ததா. அதோடு ஒரு அளவு நாடா கொண்டுபோய் உயரத்தையும் இருந்த நிலை உயரத்தையும் அளந்துவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கால் நீளம், அது சின்ன வயதுச் சாப்பாட்டை நன்றாகக் காட்டும், அது பொய் சொல்லாது. எத்தனை பல் விழுந்திருக்கிறது என்றும் எண்ணலாம், சிரிக்க வேண்டாம், ஒரு ஆளின் வறுமை வரலாறு வாயில்தான் கிடக்கிறது.

வருமானத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். மீன்பிடிக் கிராமத்தில் ஆனியில் கேட்டால் ஒரு தொகை, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது கேட்டால் வேறு தொகை. அதிலும் ஆனி மாதத்தில் மேற்குக் கரையில் கடல் குழம்புவதால் நீர்கொழும்பு, சிலாபம் ஆட்களும் இங்கே வந்து வாடி போட்டிருப்பார்கள், அவர்களும் உங்கள் மாதிரிக்குள் வந்து விழலாம். காணி உறுதி இருக்கிறதா, தோணி சொந்தமா, வீட்டுக் கூரை என்ன, நகை கையிலா அடகிலா என்று கேட்டால் நிலைமை இன்னும் தெளிவாக விளங்கும்.

இனி மிக முக்கியமான ஒன்று. "உங்களுக்குச் சீனி இருக்கிறதா?" என்று வாயால் கேட்டு எழுதினீர்கள் என்றால், டவுனில் கூட, வெருகலில் குறைவு என்று வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏனென்றால் வெருகலில் சோதித்துப் பார்த்தவர்களே குறைவு. சோதிக்காதவர் "இல்லை" என்பார், நீங்களும் "இல்லை" என்று போடுவீர்கள், கடைசியில் தூரத்துக் கிராமம் சுகமான கிராமம் ஆகிவிடும். விரலில் குத்திப் பார்க்கும் கருவியும் பிரஷர் பார்க்கும் கருவியும் இல்லாமல் இந்த ஆய்வுக்குப் போகவே வேண்டாம். எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தோடு பேசினால் உதவி கிடைக்கலாம், சோதனையில் கூட வந்தால் எங்கே அனுப்புவது என்பதையும் முதலே முடிவு செய்யுங்கள்.

இதே காரணத்துக்காக கிளினிக் வரிசையில் ஆட்களைப் பிடிப்பதும் சரிவராது. வரிசையில் நிற்பவர் வந்துசேர முடிந்தவர். முப்பத்தைந்து தாண்டியவர்களைச் சோதிக்கும் சுகாதார நிலையங்களுக்கு வருவதும் பெரும்பாலும் பெண்கள்தான், ஆம்பிளைகள் கடலிலோ வயலிலோ நிற்பார்கள். கிராம சேவகரின் வாக்காளர் இடாப்பிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளை எடுத்து, பின்னேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போங்கள்.

இடாப்பில் இல்லாத ஆட்களை மறக்கக் கூடாது. 90 இல் இந்தியாவுக்குப் போய் அங்கேயே நின்றவர்கள், கனடா போனவர்கள், கத்தாரில் நிற்பவர்கள், இறந்தவர்கள், காணாமல் போனவர்கள். நீங்கள் சந்திப்பது மிஞ்சியவர்களை. மிகவும் பாதிக்கப்பட்டவர் உங்கள் மேசைக்கு வராமலே போயிருக்கலாம். இதைச் சமாளிக்க எனக்குப் பிடித்த வழி, ஒருவரிடம் அவருடைய கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் பற்றிக் கேட்பது: மூத்தவரிலிருந்து கடைசி வரை, இருப்பவர், இல்லாதவர், எங்கே, எதுவரை படித்தார், 2006 இல் என்ன வயது, என்ன வருத்தம். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே சாதி, ஒரே காணி, வேறுபடுவது பெரும்பாலும் நிகழ்வு வந்து இடித்த வயதுதான். 2006 க்கு முன் ஏ.எல் முடித்த அண்ணனையும் ஐந்தாம் வகுப்பில் நின்ற தங்கச்சியையும் ஒப்பிடுவது, டவுனையும் வெருகலையும் ஒப்பிடுவதைவிட எவ்வளவோ சுத்தமான ஒப்பீடு. உங்கள் ஆய்வில் ஒரேயொரு புது விடயம் செய்ய இடம் கிடைத்தால் இதைச் செய்யுங்கள்.

தரவைக் கணினியில் போட்டதும் ஒரு பொறி காத்திருக்கும். உங்களுக்குப் புள்ளிவிபரம் சொல்லித்தருபவர் "எல்லா மாறிகளையும் போட்டுக் கட்டுப்படுத்து" என்பார். முகாமில் இருந்ததால் படிப்பு போனது, படிப்பு போனதால் வருமானம் குறைந்தது, அதனால் சீனி வந்தது என்று வைத்துக்கொள்வோம். படிப்பையும் வருமானத்தையும் கட்டுப்படுத்திவிட்டு முகாமின் விளைவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, "இடம்பெயர்வுக்கும் சீனிக்கும் தொடர்பில்லை" என்று அழகாக எழுதிவிட்டு வந்துவிடுவீர்கள். படிப்பும் வருமானமும் அந்த விளைவு நடந்து வந்த வழி, குறுக்கே நிற்கும் இடைஞ்சல் இல்லை. ஆகவே கணினியைத் திறக்க முதலே தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து, எது வழியில் நிற்கிறது, எது இரண்டு பக்கத்தையும் பாதிக்கும் வெளிக்காரணம் என்று முடிவு செய்யுங்கள். வயது, பிறந்த வருடம், ஆணா பெண்ணா, தாயின் படிப்பு இவை வெளியில் நிற்பவை, அவற்றைக் கட்டுப்படுத்தலாம்.

பழைய தரவை நம்பி "முன்னர் இப்படி இருந்தது" என்று எழுதுவதிலும் கவனம். எங்கள் மாவட்டத்தில் 1981 க்குப் பிறகு 2012 இல்தான் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது, 2001 இல் முடிக்க முடியவில்லை. நாடு தழுவிய குடித்தொகை, சுகாதார ஆய்விலும் 2000 இல் வடக்கும் கிழக்கும் இல்லை, 2006, 2007 இல் கிழக்கு வந்தது வடக்கு வரவில்லை, 2016 இல்தான் 25 மாவட்டமும். அந்த இடைக்காலத்து "இலங்கைச் சராசரி" என்பது நாங்கள் இல்லாத சராசரி. சராசரி என்பதே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய சாமான்தான்: 2016 இல் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்கச் சுமார் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் சுமார் 32.

இனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று இனமும் கணிசமாக வாழும் மாவட்டம் இது, படிவத்தில் இனம் என்ற பெட்டி கட்டாயம் இருக்கும், பகுப்பாய்வில் வித்தியாசமும் வரும். உடனே "தமிழருக்கு இப்படி, முஸ்லிம்களுக்கு இப்படி" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். இனம் சீனியைக் கொண்டுவராது, இனத்தை வைத்து யாருக்கு எங்கே காணி கிடைத்தது, யார் எந்த வருடம் ஓட வேண்டி வந்தது என்பவைதான் கொண்டுவரும். பதவிசிறிபுர பக்கம் போய்ப் பாருங்கள், அங்கே சிங்கள விவசாயிகளுக்குக் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய். வெயிலில் நீர் வற்ற உழைத்தது, கிணற்றுத் தண்ணி, விவசாய இரசாயனம் என்று பல சந்தேகங்கள், சண்டை இன்னும் முடியவில்லை, ஆனால் யாருக்கு வருகிறது என்பதில் சண்டை இல்லை: சின்ன வயதிலிருந்தே வயலில் நின்ற ஏழை விவசாயிக்கு. சம்பூர்ப் பெண்ணின் அம்புக்குறிப் படத்தையும் அந்த விவசாயியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அம்புக்குறிகள் நிறைய இடத்தில் ஒத்துப்போகும். இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் சிங்களம் தெரிந்த ஒரு வகுப்புத் தோழியைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்தால் வாழ்க்கைக் கதை வராது.

கடைசியாகச் சனத்திடம் எப்படிப் போவது. ஒழுக்கவியல் குழுவின் அனுமதி, பிராந்திய சுகாதாரப் பணிப்பாளரின் கடிதம், கிராம சேவகருக்கு அறிவித்தல், இவை இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஆனால் கடிதம் மட்டும் போதாது. சுனாமிக்குப் பிறகு இந்தச் சனத்திடம் படிவம் நிரப்பாத நிறுவனம் இல்லை, "இதையும் எழுதிக்கொண்டு போய் என்ன தரப்போறீங்க?" என்று நேரே கேட்பார்கள். ஒன்றும் தரமாட்டேன், பிரஷரும் சீனியும் பார்த்துச் சொல்வேன், முடிவை உங்கள் ஊரிலேயே வந்து சொல்வேன் என்று உண்மையைச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். அஸ்வெசும (அரசாங்க நிவாரணக் கொடுப்பனவு) படிவம் என்று நினைத்துப் பதில் சொல்பவர்களும் இருப்பார்கள், அது இல்லை என்பதை முதலிலேயே விளக்காவிட்டால் எல்லோரும் ஏழையாகத்தான் வருவார்கள்.

காணாமல் போனவர்களைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். யார் எந்தப் பக்கம் நின்றார், எந்த முகாமில் யார் பிடித்துக்கொண்டு போனது போன்ற ஒன்றும் உங்கள் கொப்பியில் இருக்கக் கூடாது. ஆய்வுக்கு அது தேவையில்லை, அந்தக் கொப்பி வேறு கைக்குப் போனால் ஆபத்து அவர்களுக்குத்தான். மாமி பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் கலியாண வயதைப் பற்றிக் கேட்டு உண்மை வரும் என்றும் நினைக்காதீர்கள், கிணற்றடியில் கேளுங்கள்.

மேற்பார்வையாளர் 300 என்று பிடிவாதமாக நின்றால், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: வெருகலில் ஒரு கிராம சேவகர் பிரிவு, டவுன் பக்கம் ஒரு பிரிவு, முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள், மொத்தம் 120 பேர் அளவில், எல்லோருக்கும் வாழ்க்கை நாட்காட்டியும் உடல் அளவுகளும் சீனி, பிரஷர் சோதனையும். அதில் 15 பேர் வரையில் நீண்ட நேர்காணல். கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் பற்றிக் கேட்பதால் 120 வீட்டிலிருந்து அதைப்போலப் பல மடங்கு ஆட்களின் வரலாறு வந்து சேரும். புள்ளிவிபரக்காரர் ஒன்று கவனிக்க வேண்டும், ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தரவு இல்லை, குடும்பம் குடும்பமாகக் கொத்தாகத்தான் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் களவேலையை வைக்காதீர்கள். வெருகல் பக்கம் வெள்ளம் ஏறினால் உங்களாலும் போக முடியாது, சனமும் வீட்டில் இராது. மாசிக்குப் பிறகு தொடங்கினால் நோன்பு எப்போது வருகிறது என்று பார்த்து நாட்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள், நோன்பு நேரத்தில் எடுத்த சீனி அளவை மற்ற நாள் அளவோடு ஒப்பிட முடியாது. நாட்காட்டித் தாளின் மாதிரி ஒன்று வரைந்து முடித்ததும் முதலில் உங்கள் அம்மாவிடமோ மாமியிடமோ உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள், எந்த வரிசை விளங்கவில்லை என்பது அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.